வெள்ளை வந்தால் கணக்கில்லை

ஜெஜு தீவு, சொகுய்போ
மார்ச் 9, 1976

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? உங்கள் இருமல் விட்டதா, அல்லது மலைக்காற்றோடு சேர்ந்து இன்னும் பாடிக்கொண்டிருக்கிறதா? இங்கே நானும் அவரும் ஒக்ஹியும் சௌக்கியம். காற்றுதான் ஓயவில்லை. துணி காயப்போட்டால் பக்கத்து வீட்டில் போய்த்தான் எடுத்துவர வேண்டியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அண்ணி, நம் பட்டாம்பூச்சிப் போட்டியில் இந்த வருஷமும் நான்தான் ஜெயித்தேன்!

நேற்றுக் காலை கடுகு வயல் ஓரமாக ஒக்ஹியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் திடீரென்று நின்று, "அம்மா, ஒரு பூ மட்டும் எந்திரிச்சுப் போகுது பாரு" என்றாள். பார்த்தால் மஞ்சள் பட்டாம்பூச்சி. சந்தேகமே இல்லாத மஞ்சள். சாட்சி என் மகள், வயது ஐந்து, பொய் சொல்ல இன்னும் சரியாகப் பழகாதவள்.

நீங்கள் புதுப்பெண்ணாக நம் வீட்டுக்கு வந்த முதல் வசந்தம் நினைவிருக்கிறதா? அந்த வருஷத்தில் முதல்முதலாக வெள்ளைப் பட்டாம்பூச்சியைக் கண்டால் வீட்டில் துக்கத்துணி உடுத்த நேரும், மஞ்சளையோ புலிவரியையோ கண்டால் ஆண்டு முழுக்க நல்லது என்று அம்மா சொல்லிவைத்தார்கள். நாம் இருவரும் கையைக் கோத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தோட்டத்துக்குப் போவோம். வெள்ளையாக எது அசைந்தாலும் "திரும்பு, திரும்பு!" என்று கத்திக்கொண்டு ஓடி வருவோம். ஒரு தடவை அது பக்கத்து வீட்டுக்காரரின் வெள்ளைத் தொப்பி. 'வெள்ளை வந்தால் கணக்கில்லை' என்று சட்டம் போட்டது நீங்கள்தான். அந்தச் சட்டப்படிதான் இப்போதும் ஆடுகிறேன்.

ஆரஞ்சுத் தோட்டக்காரரான என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. "பட்டாம்பூச்சின்னா உனக்குப் பூ, எனக்குப் புழு" என்கிறார். புலிவரி போடும் முட்டையெல்லாம் ஆரஞ்சு இலையில்தானே! புழு தின்றது போகத்தான் நமக்கு மரம்.

அங்கே ஆப்பிள் மரங்கள் நலமா? மரத்துக்குச் சொந்தக்காரரும் நலம்தானே? (நான் மரத்தை மட்டும்தான் விசாரித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

உங்கள் தோல்விக் கடிதத்தை எதிர்பார்க்கும்,
சோங்னான்

*

சோங்சோங், பம்கோல் கிராமம்
மார்ச் 21

அன்புள்ள சோங்னானுக்கு,

மூவரும் நலம் என்று படித்ததில் சந்தோஷம். எனக்கு இருமல் விட்டுவிட்டது. இங்கே முந்தாநாள் பனி பெய்தது, தெரியுமா? உனக்குக் கடுகுப் பூ, எனக்குக் கணுக்கால் வரை பனி. தெற்கே கடலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு "நான் ஜெயித்தேன்" என்பது, முன்வரிசையில் நின்றுகொண்டு நான்தான் உயரம் என்பதுபோல. இந்தப் போட்டி நியாயம் இல்லை. அடுத்த வருஷம் முதல் உனக்கு ஒரு மாதம் கழித்துக்கொண்டுதான் கணக்கு.

உன் அண்ணனுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் இருந்த கரடி இப்போதுதான் வெளியே வந்து கிளை வெட்டுகிறது. வெட்டும்போது மரத்தோடு பேசுகிறார். என்னோடு பேசுவதைவிட அதிகம். நேற்று சாப்பிடும்போது நான் சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல, "ஜெஜுவில் பட்டாம்பூச்சி வந்துடுச்சாம்" என்றேன்.

"அங்க பூச்சிகூடப் பொய் சொல்லும்" என்றார்.

பெயர் சொல்லவில்லை. உனக்குத் தெரியாததா? உனக்குக் கல்யாணமான நாளிலிருந்து உன் ஊர் 'அங்க', நீ 'அது', உன் வீட்டுக்காரர் 'அந்த ஆரஞ்சு'. அன்று மன்போ மாப்பிள்ளை கும்பிட்டுப் பெண் கேட்க வந்தபோது, கடல் தாண்டிப் பெண் கொடுப்பதில்லை என்று இவர் கதவைத் திறக்கவே இல்லை. அவர் வாசலில் வைத்துவிட்டுப் போன கூடையை எடுத்துச் சரிவில் கவிழ்த்தார். ஆரஞ்செல்லாம் உருண்டு ஊருக்குள் போனது. ஆனால் அதற்கப்புறம் நடந்ததை உனக்கு நான் சொன்னதே இல்லை. பல நாள் வரைக்கும் வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் இவரிடம், "அந்த மாப்பிள்ளை மறுபடி எப்ப வர்றார்?" என்று கேட்டார்கள். அவ்வளவு இனிப்பாம்.

இதைச் சொன்னால் கரடி உறுமும். அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

ஒக்ஹிக்கு என் முத்தம். பனி உருகட்டும், உன்னைக் கவனித்துக்கொள்கிறேன்.

உன் அண்ணி,
மல்சூன்

*

சொகுய்போ
ஏப்ரல் 2

அன்பான அண்ணி,

பனி உருகியதா? காலில் கம்பளி உறை போட்டுக்கொள்கிறீர்களா? நாங்கள் சுகம்.

ஆரஞ்சு உருண்ட கதையை இவரிடம் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே கத்தரியைத் துடைத்து வைத்தார். பிறகு, "தின்னாங்கல்ல, அது போதும்" என்றார். அப்புறம் தோட்டத்துக்குப் போய்ச் சீட்டி அடித்துக்கொண்டே வேலை செய்தார். இவர் சீட்டி அடித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அண்ணி, புது விதி ஒன்று சேர்க்கிறேன். மஞ்சளுக்கு ஒரு வெற்றி, புலிவரிக்கு இரண்டு. நான் புலிவரியையும் பார்த்துவிட்டால் நீங்கள் அடுத்த வருஷம் ஒரு மாதத்தைக் கழித்தாலும் பிழைக்க முடியாது. இவரிடம் கெஞ்சிக் கூத்தாடி வேலி ஓரத்து ஆரஞ்சு மரம் ஒன்றைப் புழுவுக்கே விட்டுவிட வைத்திருக்கிறேன். "புழுவுக்குக் குத்தகைக்கு விட்ட மரம்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். ஒக்ஹி தினமும் போய் ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் தூங்குது" என்று வந்து சொல்கிறாள்.

போன வாரம் அவள் கேட்டாள்: "அம்மா, எனக்கு மாமா இருக்காரா?" இருக்கிறார் என்றேன். "பெருசா இருப்பாரா?" கரடி அளவு இருப்பார் என்றேன். அன்றிலிருந்து கரடியின் படத்தைக் கண்டால் 'மாமா' என்கிறாள். இதை எழுதினேன் என்று சொல்லிவிடாதீர்கள்.

காற்று குறைந்தால் கல்மதில் மேல் ஏறிப் பார்க்கப் போகிறேன். அங்கிருந்து நாலு தோட்டம் தெரியும்.

என்றும் முந்திக்கொள்ளும்,
சோங்னான்

*

பம்கோல்
ஏப்ரல் 11

அன்புள்ள சோங்னானுக்கு,

நலமா? எல்லாரும் நலமா? இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி. நானும் பார்த்துவிட்டேன்!

ஓடைக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கல்லின் மேல் வந்து உட்கார்ந்தது. மஞ்சள். இறக்கை ஓரத்தில் கறுப்புக் கரை. துணியைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினேன். பக்கத்தில் துவைத்துக்கொண்டிருந்தவள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று என் முதுகில் தட்டினாள். துணி ஓடையோடு போய்விட்டது. போனது உன் அண்ணன் சட்டை. அவருக்குத் தெரியாது.

சட்டை போனதுகூடத் தெரியாமல் இருக்கிறார் என்பதுதான் விஷயம். மூன்று நாளாக ஆள் ஒரு மாதிரி. முதல் நாள் காலையில் முள்ளங்கிப் பாத்திக்குப் போனார். விதைக்கு விட்ட முள்ளங்கி எல்லாம் பூத்து வெள்ளைவெளேர் என்று கிடக்கிறது. நான் சமையற்கட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். நடுவில் போய் அப்படியே நின்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கையால் கண்ணை மூடிக்கொண்டார். வந்ததும், "என்னாச்சு?" என்று கேட்டேன்.

"கண்ணுல தூசி."

"ரெண்டு கண்ணுலயுமா?"

"எனக்கு ரெண்டு கண்ணு இருக்கு. ரெண்டுலயும் விழுந்துச்சு."

அன்று சாயங்காலம் அரிசிக்கள்ளை எடுத்து வைத்தேன், தொடவில்லை. பிறகு விளக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அங்கேருந்து கடுதாசி எதாவது வந்துச்சா?"

சோங்னான், என் கையிலிருந்த கிண்ணம் நழுவியது. உனக்குக் கல்யாணமானதிலிருந்து இவர் கேட்ட முதல் கேள்வி இது. "போன வாரம் வந்துச்சு. நல்லா இருக்கா" என்றேன். "போன வாரமா" என்று மட்டும் சொன்னார்.

வேறொன்றும் இல்லை. உடனே ஒரு பதில் போடு. நாலு வரி போதும்.

உன்னோடு சமன் செய்துவிட்ட,
அண்ணி

*

பம்கோல்
ஏப்ரல் 24

அன்புள்ள சோங்னானுக்கு,

சௌக்கியமா? உன் கடிதம் வரவில்லை. புலிவரியைப் பிடித்து அதன் முதுகில் ஏறிப் போய்விட்டாயோ என்று நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே ஆப்பிள் மொட்டு சிவந்துவிட்டது. நாளைக்கோ மறுநாளோ விரியும். இந்தச் சமயத்தில் உன் அண்ணன் மரத்தடியை விட்டு நகரமாட்டார், உனக்குத் தெரியும். இப்போது தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் மரத்திலிருந்து குதிக்கிறார். பாலம் வரை நடந்து போய்க் காத்திருக்கிறார். தபால்காரருக்கே கூச்சமாகிவிட்டது. நேற்று என்னிடம், "அண்ணி, அவருக்கு ஏதாச்சும் காதல் கடுதாசியா?" என்று கேட்டார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. சிரித்து முடித்ததும் எனக்கும் கொஞ்சம் பயமாக இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்கிறார்: "அதுக்கு இப்ப என்ன வயசு?"

"முப்பது."

"சின்ன வயசுல நெஞ்சுச்சளி வருமே. இப்ப வருதா?"

"நீங்களே எழுதிக் கேளுங்களேன்."

"எனக்கென்ன வந்துச்சு?" என்று எழுந்து போய்விட்டார். சோறு பாதி அப்படியே இருந்தது.

நான் ஏதாவது தவறாக எழுதிவிட்டேனா? ஆரஞ்சு உருண்ட கதை மாப்பிள்ளையின் மனதில் உறுத்திவிட்டதா? அப்படியானால் திட்டியாவது எழுது. தந்தி அடிக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் நம் ஊரில் தந்தி என்றாலே பிரிக்கும் முன்பு அழத் தொடங்கிவிடுவார்கள்.

குழந்தைக்கு என் அன்பு. நெஞ்சுச்சளி இருந்தால் இஞ்சி போட்டுக் குடி.

மல்சூன்

*

பம்கோல்
மே 3

சோங்னானுக்கு,

நலம் விசாரித்து விசாரித்து எனக்கு அலுத்துவிட்டது. நீ நலமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். இல்லையென்றால் நான் வந்து உதைப்பேன்.

உன்னிடம் எழுதாமல் வைத்திருந்த ஒன்றை எழுதுகிறேன். முள்ளங்கிப் பூவில் உன் அண்ணன் கண்டது வெள்ளை. அவர் சொல்லவில்லை. நான் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டேன். நாம் கையைக் கோத்துக்கொண்டு கண்ணை மூடி ஓடும்போது, "பொம்பளைங்களுக்கு வேற வேலை இல்ல" என்று சிரித்த அதே மனிதர்தான். வெள்ளை வந்தால் கணக்கில்லை என்ற நம் சட்டம் அவருக்குத் தெரியாது பார். தனியாக நின்று பார்த்துவிட்டார்.

துக்கத்துணி உடுத்த நேரும் என்றால் யாருக்காக? அப்பாவும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டார். யோசித்துப் பார்த்திருக்கிறார். அவருக்கு இரத்த சொந்தம் என்று மிஞ்சியிருப்பது நீ ஒருத்திதான். அந்த நேரம் பார்த்து நீயும் எழுதுவதை நிறுத்திவிட்டாய்.

இன்று விடியற்காலையில் எழுந்து, "ஆன்தோங் போறேன். பூச்சிமருந்து வாங்கணும்" என்றார். கல்யாணக் கோட்டு போட்டிருந்தார். தோல் செருப்பு. தலையில் எண்ணெய். மரமெல்லாம் பூத்து நிற்கிறது, பூவைக் கிள்ளிக் குறைக்க வேண்டிய நேரம். இந்த நேரத்தில் எந்த ஆப்பிள்காரனும் வாசலைத் தாண்டமாட்டான்.

"எப்ப வருவீங்க?" என்று கேட்டேன்.

"மருந்து கிடைச்சா வருவேன்."

"எந்த மருந்து?"

பேருந்து ஏறும்போது திரும்பிப் பார்த்து, "பூ கிள்ள ரெண்டு ஆளை வச்சுக்கோ. நெரிசலா விட்டுறாத" என்றார். அந்த வேலையை இதுவரை இன்னொருவர் கையில் கொடுத்ததே இல்லை.

சோங்னான், இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது அவர் உன் வாசலில் நிற்பார் என்று நினைக்கிறேன். நீ இரு. தயவுசெய்து இரு.

அண்ணி

*

சொகுய்போ
மே 4

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். நான் கோ மன்போ. சோங்னானின் கணவன். உங்களுக்கும் மச்சானுக்கும் உடல்நலம் சரியாக இருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் வீட்டுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். முதல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன், இது நாலாவது.

அவள் உயிருக்கு ஒன்றும் இல்லை. அதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

ஏப்ரல் மாதம் நடுவில் ஒரு நாள் கல்மதில் மேல் நின்று புலிவரியைத் துரத்தினாள். மதில் முடிந்தது, அவள் முடிக்கவில்லை. வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கணுக்காலும் பிசகி வீங்கிவிட்டது. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். கால் இப்போது பரவாயில்லை. வாய்க்கு அன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

உடனே உங்களுக்கு எழுதுகிறேன் என்றேன். கூடாது என்றுவிட்டாள். "நீங்க எழுதினா அண்ணன் என்ன சொல்வார்? அந்த ஆரஞ்சு என் தங்கச்சி கையை ஒடிச்சுட்டான்னு சொல்வார். என் கை சரியாகட்டும். நானே எழுதுறேன்" என்றாள். இடது கையால் எழுதிப் பார்த்தாள், கோழி கிளறினமாதிரி இருந்தது. அண்ணி பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார் என்று அதையும் கிழித்துவிட்டாள். உங்கள் கடிதம் இரண்டும் வந்தபோது படித்துவிட்டு அழுதாள். அதற்குமேல் நான் பேச்சைக் கேட்கவில்லை. அவள் தூங்கும்போது எழுதுகிறேன்.

நான் அடிக்கவில்லை அக்கா. இதை எழுதாமல் விட்டால் நல்லது என்று தோன்றுகிறது, எழுதிவிட்டேன்.

புலிவரி தப்பித்துவிட்டது. அவள் அதைப் பார்த்தது உண்மை. நான் சாட்சி. கணக்கில் சேர்த்துக்கொள்ளவும்.

பணிவுடன்,
கோ மன்போ

*

பம்கோல்
மே 8

அன்புள்ள மன்போ மாப்பிள்ளைக்கு,

நீங்களும் குழந்தையும் நலமா? என் நலம் உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் திரும்பி வந்தது. கொல்லையில் உட்கார்ந்து அழுதேன். 'மதில் முடிந்தது, அவள் முடிக்கவில்லை' என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். பூ கிள்ள வந்த பெண்கள் இருவரும் என்னைப் பார்த்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கி வந்து, நல்ல செய்தி என்றால் எங்களுக்கும் சொல் என்றார்கள். உரக்கப் படித்தேன். அவர்களில் ஒருத்தி அன்று உங்கள் ஆரஞ்சு தின்றவள். உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்போது கவனமாகப் படியுங்கள். என் வீட்டுக்காரர் கிளம்பிவிட்டார். இந்நேரம் வந்தே இருப்பார். பயப்படாதீர்கள். கத்தினால் கத்த விடுங்கள், அது காற்றுமாதிரி, உங்கள் ஊரில் இல்லாததா? பசித்திருந்தால் குரல் இன்னும் ஏறும், அதனால் முதலில் சோறு. உங்கள் மரங்களைப் பார்த்து, "என்ன வெட்டு இது?" என்பார். பதில் சொல்லாமல் கத்தரியைக் கையில் கொடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் அவரை உட்காரவைப்பதுதான் சிரமம்.

அவருக்குக் கடல் தெரியாது. கப்பலில் குடல் வெளியே வந்திருக்கும். வந்ததும் கஞ்சி கொடுங்கள்.

அவளை அடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கூடையைக் கவிழ்த்தவர் வீட்டுக்கு வருஷா வருஷம் குளிர்காலத்தில் பெயர் போடாமல் ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்புகிறவர் யார் என்று எனக்குத் தெரியாதா? அவரும் தின்கிறார் மாப்பிள்ளை. தோலைத் துணியில் சுற்றித் தூக்கிப்போடுகிறார், நான் பார்க்கக்கூடாதாம்.

புலிவரியைக் கணக்கில் சேர்த்தாயிற்று.

உங்கள் அக்கா,
மல்சூன்

*

சொகுய்போ
மே 9

அன்புள்ள அண்ணி,

நலமா? நான் சொல்லச் சொல்ல இவர் எழுதுகிறார். எழுத்து இவருடையது, பேச்சு என்னுடையது. (இடையில் நானும் பேசுவேன். - மன்போ)

வந்துவிட்டார் அண்ணி.

முந்தாநாள் மத்தியானம் ஆரஞ்சு மரத்தடியில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் பட்டாணி உரித்துக்கொண்டு, இவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். உரத்தை மழைக்கு முன்னாடியே போட்டுவிட்டார். (மழை வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?) தெருவில் யாரோ மதிலில் சாய்ந்தபடி மெல்ல உட்காருவது தெரிந்தது. ஒக்ஹி எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்: "அம்மா, கோட்டு போட்ட ஒரு மாமா தரையில உக்காந்துட்டாரு."

நொண்டிக்கொண்டே போனேன். அண்ணன். முகம் மாவுக்கட்டைவிட வெள்ளை. மடியில் ஒரு பை. என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "உன் சத்தம் முனையிலயே கேட்டுச்சு. அப்பவே கால் மடங்கிடுச்சு" என்றார். அதுதான் இத்தனை வருஷம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு.

அதற்குள் என் கைக்கட்டு கண்ணில் பட்டுவிட்டது. எழுந்தார். இவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நேரே வந்து இவர் சட்டையைப் பிடித்தார். "என்னடா பண்ணின என் தங்கச்சிய?"

இவர் என்ன சொன்னார் தெரியுமா? "மச்சான், கப்பல்ல வந்திருக்கீங்க. கஞ்சி குடிச்சிட்டு அடிங்க." (உண்மையாகவே அப்படித்தான் தோன்றியது. ஆள் நிற்கவே தள்ளாடினார்.)

ஒக்ஹி நடுவில் புகுந்தாள். "அம்மா பூச்சி பிடிக்கப் போயி தானா விழுந்துச்சு. அப்பா தூக்கிட்டு ஓடுனாரு, அழுதுட்டே ஓடுனாரு. நீங்கதான் கரடி மாமாவா?"

சட்டையை விட்டுவிட்டார். ஒரு பொத்தான் கையோடு வந்துவிட்டது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இவரிடமே திருப்பிக் கொடுத்தார். கஞ்சி மூன்று கிண்ணம் குடித்தார்.

பையை மட்டும் விடவில்லை. சாப்பிடும்போதும் தொடை மேல். கை கழுவப் போன நேரத்தில் ஒக்ஹி இழுத்துவிட்டாள். அவளைத்தான் உங்களுக்குத் தெரியுமே, யார் பை என்றாலும் திறந்து பார்ப்பாள். துணி உருண்டு தரையெல்லாம் விரிந்தது. முரட்டுச் சணல் துணி. ஆன்தோங் சந்தையில் சாவு வீட்டுத் துக்கத்துணிக்கு எடுப்பது.

அண்ணன் வாசலில் ஈரக்கையோடு நின்றார்.

"யாருக்குண்ணா?" என்று கேட்டேன்.

"ஆப்பிள் கூடை மூட."

"அண்ணா."

அப்புறம் சொன்னார். முள்ளங்கிப் பூ, வெள்ளை, கடிதம் வராதது, பாலத்தில் நின்றது, எல்லாவற்றையும். "நீ போயிட்டா நான் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். துணியாவது கையில இருக்கட்டும்னு எடுத்தேன்" என்றார். தலையைக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் ஆடியது. நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அழுதேன். அழுகைக்கு நடுவே கேட்டேன்: "அண்ணா, வெள்ளை வந்தா கணக்கில்லன்னு அண்ணி உங்களுக்குச் சொல்லவே இல்லையா?"

"அப்படி ஒண்ணு இருக்கா?"

"இருக்கு."

"யாரு போட்ட சட்டம்?"

"உங்க பொண்டாட்டி."

"அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றார். அதில்தான் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அண்ணி. இவரும் சிரித்தார், அவரும் சிரித்தார். ஒக்ஹி அந்தத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினாள்.

என் கையைத் தாங்கிய தூளி அழுக்கேறிக் கிடந்தது. அண்ணன் அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு, சணல் துணியில் ஓர் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தார். தானே மடித்து, என் கழுத்தில் முடிச்சுப் போட்டார். "போதும். இந்த வருஷத்துத் துக்கத்துணி இந்த வீட்டுல கட்டியாச்சு. இனிமே எந்தப் பூச்சியும் வந்து கேக்க முடியாது" என்றார்.

சொரசொரவென்று கழுத்தெல்லாம் அரிக்கிறது அண்ணி. இருந்தாலும் கழற்றமாட்டேன்.

(மச்சான் இப்போது தோட்டத்தில் இருக்கிறார். வந்ததிலிருந்து என் மரங்களைக் குறை சொல்கிறார். புழுவுக்கு விட்ட மரத்தைப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணுதான் ஒழுங்கா இருக்கு" என்றார். - மன்போ)

மார்போடு அணைத்துக்கொண்டு,
சோங்னான்

*

ஜெஜு
மே 14

மல்சூனுக்கு,

நலமா? நான் நலம். கப்பலில் நலமாக இல்லை. அதை எழுதப் போவதில்லை.

உனக்கு நான் கடிதம் எழுதியதில்லை. எப்படித் தொடங்குவது என்று சோங்னானிடம் கேட்டேன். நலமா என்று தொடங்கு என்றாள். தொடங்கிவிட்டேன்.

பூ கிள்ளியாயிற்றா? கொத்துக்கு நடுப்பூ ஒன்றை மட்டும் விடச் சொல். ஓடைப் பக்கத்து மரங்களை நீயே பார். என் சட்டை ஒன்று குறைகிறதாம். அது ஓடையோடு போன விஷயம் எனக்கு இங்கேதான் தெரிந்தது.

இவளுக்குக் கை நன்றாக இருக்கிறது. வாய் அதைவிட நன்றாக இருக்கிறது. இந்த மன்போ கிளை வெட்டுகிற விதம் தப்பு. வெயில் உள்ளே போகாமல் குடைமாதிரி விட்டிருக்கிறான். சொன்னேன். ஒன்றும் பேசாமல் கத்தரியைக் கையில் கொடுத்துவிட்டான். நல்ல கத்தரி. ஆள் வேலைக்காரன். குழந்தை அவன் தோளில் ஏறினால் இறங்கமாட்டேன் என்கிறது. இப்போது என் தோளிலும் ஏறுகிறது. தோட்டமெல்லாம் ஆரஞ்சு பூத்திருக்கிறது. வாசனை அதிகம். எனக்குத் தலை வலிக்கும் என்று நினைத்தேன், வலிக்கவில்லை.

இலையுதிர்காலத்தில் ஆப்பிள் பறிக்க மூன்று பேரையும் வரச் சொல்லிவிட்டேன். அவன் உடனே தலையாட்டினான். அவனுக்குப் பெரிய மரத்துக்கு அடியில் பாய் போடவேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று முழுக்க மழை. வேலை இல்லை. சோங்னான் ஒரு டப்பாவை எடுத்து வந்தாள். நீ அவளுக்கு எழுதிய கடிதங்கள். எனக்குக் கை முடியாது, நீங்க படிங்க என்றாள். பக்கம் திருப்ப ஒரு கை போதும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் படித்தேன். சத்தமாகப் படித்தேன். அவர்கள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

என்னைக் கரடி என்று எழுதியிருக்கிறாய். ஒன்றல்ல, பல இடங்களில். ஒரு கடிதத்தில் நான் மரத்தோடு பேசுகிறேன், உன்னோடு பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மன்போ எழுந்து போய்த் தேநீர் போட்டான்.

நம் வீட்டில் தினமும் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். நீ எழுதியதைப் படித்தால் அது வேறு வீடுபோல இருக்கிறது. அந்த வீட்டில் நிறையச் சிரிப்பு இருக்கிறது. நானும் அங்கேதான் இருக்கிறேன், ஆனால் எனக்கு யாரும் சொல்லவில்லை. கூடவே இருக்கிறவனுக்கு யாரும் கடிதம் போடுவதில்லை.

நாளைக்கு ஒரு கப்பல் இருக்கிறது. நான் அதில் வரவில்லை. அதற்கடுத்த கப்பலிலும் வரவில்லை. உன் தபால் இங்கே வந்து சேர நாலைந்து நாள் ஆகுமாம். அதுவரை இருப்பேன்.

என் பெயருக்கு ஒன்று எழுது.

கிதேக்